தண்டனைக்கு முந்தைய அறிக்கை: வட சென்னையில் ஓர் ஆளின் ரிஸ்க்கையும் தேவையையும் கணிப்பது எப்படி

கோர்ட் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டது, தண்டனையை இன்னும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் நீதிபதியின் மேசைக்கு வர வேண்டிய காகிதம் நன்னடத்தை அலுவலரின் (புரொபேஷன் ஆபீசர்) அறிக்கை. இவர் மறுபடி குற்றம் செய்ய எவ்வளவு வாய்ப்பு, எது அவரை அதில் தள்ளுகிறது, எதை மாற்றினால் நிற்கும் என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் வேண்டும். ஆனால் அடிக்கடி வருவது இப்படி ஒரு வரி: 'குற்றம் மலிந்த பகுதியில் வசிப்பவர், தீய நண்பர் சேர்க்கை உள்ளவர், குடிப்பழக்கம் உண்டு, திருந்த வாய்ப்புண்டு.' வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, கொருக்குப்பேட்டையில் எந்த வீட்டுப் பையனுக்கும் இதை ஒட்டிவிடலாம். நீதிபதியால் இதை வைத்து ஒரு உத்தரவும் எழுத முடியாது. ஏரியா பெயர் ரிஸ்க் ஆகாது. அந்த ஒருவரின் நாள், வேலை, கூட்டாளி, குடி ஆகியவற்றைத் தேதியோடும் அளவோடும் எழுதினால்தான் அது கணிப்பு.

புதிதாகப் பணியில் சேர்ந்த நன்னடத்தை அலுவலர்களுக்கும், அவர்களோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர்களுக்கும், இலவச சட்ட உதவி வழக்கறிஞர்களுக்கும் எழுதியது இது.

சட்டத்தில் இடம் இருக்கிறதா?

குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் திருந்த வாய்ப்புக் கொடுத்து வெளியே விடுவதற்கு 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம்தான் அடிப்படை. பிரிவு 3இன்படி, முன் தண்டனை இல்லாதவரைத் திருட்டு, ஏமாற்று போன்ற சில குற்றங்களிலும், 2 ஆண்டுக்கு மேல் சிறை இல்லாத குற்றங்களிலும் கண்டித்து அனுப்பிவிடலாம். பிரிவு 4இன்படி, தூக்கோ ஆயுளோ விதிக்க முடியாத குற்றத்தில் பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு வெளியே விடலாம். பத்திரக் காலம் 3 ஆண்டைத் தாண்டக் கூடாது, மேற்பார்வை உத்தரவு போட்டால் அது 1 ஆண்டுக்குக் குறையக் கூடாது. 21 வயது நிரம்பாதவருக்குப் பிரிவு 6 இருக்கிறது: ஆயுள் விதிக்கக்கூடிய குற்றம் தவிர மற்றவற்றில், சிறைக்கு அனுப்ப நினைத்தால் நீதிபதி அறிக்கையைக் கேட்டுப் பெற்றே ஆக வேண்டும், காரணமும் எழுத வேண்டும்.

வயதுக் கணக்கில் பலர் சறுக்குகிறார்கள். பிரிவு 6க்குக் கோர்ட் குற்றவாளி என்று முடிவு செய்யும் நாளின் வயதுதான் கணக்கு, ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. சிறார் நீதிச் சட்டத்துக்கோ குற்றம் நடந்த நாளின் வயது. 19இல் மாட்டிய பையனுக்கு 22இல் தீர்ப்பு வந்தால் பிரிவு 6 கைவிட்டுப் போய்விடும், பிரிவு 4 மட்டும் மிஞ்சும். குற்றம் நடந்தபோது 18 நிரம்பியிருந்ததா என்பதில் சிறு சந்தேகம் இருந்தாலும் முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லாவிட்டால் மாநகராட்சியின் பிறப்புச் சான்று என்ற வரிசையில் தேடுங்கள். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை.

கஞ்சா, போதை மாத்திரை கேஸ் என்றால் தனியாகப் பாருங்கள். போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 33, 18 தாண்டியவர்களுக்கு நன்னடத்தைக் கதவை அடைத்துவிடுகிறது. பிரிவு 26ம், உபயோகித்ததற்கான 27ம் மட்டும் விலக்கு. அடிமைப்பட்டவர் சிறு அளவு வழக்கில் இருந்தால் பிரிவு 39 வழியாகச் சிகிச்சைக்கு அனுப்பக் கேட்கலாம்.

1.7.2024 முதல் நடந்த திருட்டுக்கு, ஐபிசிக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 303(2). பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு, இதுவே முதல் தண்டனை, பொருளோ மதிப்போ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவைதான் தண்டனை. பறித்துக்கொண்டு ஓடினால் அது 304, அங்கே இந்த வழி கிடையாது.

காகிதங்களைப் பிரித்து அடுக்குங்கள்

ஸ்டேஷனிலிருந்து வரும் பட்டியலில் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். அதை நான்காகப் பிரியுங்கள்: தண்டனையில் முடிந்தவை, விடுதலையானவை, நிலுவையில் இருப்பவை, தடுப்பு நடவடிக்கைகள். குண்டாஸில் உள்ளே இருந்தது தண்டனை ஆகாது. ஹிஸ்டரி ஷீட் திறந்திருப்பது காவல்துறையின் கண்காணிப்பு ஏற்பாடு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110, அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ்ஸின் 129இல் எழுதி வாங்கிய நன்னடத்தைப் பிணையும் தண்டனை ஆகாது. குற்ற வரலாறு என்ற தலைப்பில் முதல் வகையை மட்டும் எண்ணுங்கள். 'மேற்படி நபர் மீது 7 வழக்குகள்' என்று எழுதிவிட்டு, அதில் ஒன்றுகூடத் தண்டனையில் முடியவில்லை என்பதை விட்டால் அந்த ஒரு வரியே ஒருவரை உள்ளே தள்ளிவிடும்.

முதல் தண்டனையின்போது என்ன வயது, இரண்டு குற்றங்களுக்கு நடுவில் எத்தனை மாதம் சும்மா இருந்தார் என்பதையும் குறியுங்கள். சும்மா இருந்த காலம் பலரும் கேட்காத கேள்வி. 14 மாதம் ஒரு கேஸும் இல்லையென்றால் அந்த 14 மாதம் என்ன வேலை, யாரோடு தங்கினார் என்று கேளுங்கள். அவரைத் தடுத்து நிறுத்துவது எது என்பது அங்கே கிடைக்கும்.

சந்திப்பு

இரண்டு தடவை, ஒவ்வொன்றும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். முதல் சந்திப்பில் சொன்னதற்கும் இரண்டாவதில் சொன்னதற்கும் உள்ள வித்தியாசமே ஒரு தகவல். வீட்டுக்குப் போய் 'நன்னடத்தை ஆபீஸ்லேருந்து வர்றோம்' என்றால், ஸ்டேஷனில் எழுதி வாங்கும் பிணையை நினைத்துக் குடும்பமே பயந்துவிடும். அதனால் யார் அனுப்பினார்கள், அறிக்கை யாருக்குப் போகும், அதில் எது சேரும் என்பதை முதல் 5 நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். அறிக்கை ரகசியமானது, ஆனால் நன்னடத்தைச் சட்டத்தின் பிரிவு 7இன்படி கோர்ட் அதன் சாரத்தை அவருக்குச் சொல்லி மறுப்புச் சான்று தரவும் வாய்ப்பளிக்கலாம். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நிலுவையில் இருக்கும் கேஸைப் பற்றிக் கேட்கவே கூடாது. அவரே சொன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். 'வேறு சில குற்றங்களையும் ஒப்புக்கொண்டார்' என்ற வாக்கியம் ஒரு நன்னடத்தை அறிக்கையில் இருக்கவே கூடாத வாக்கியம். சிறார் வழக்கில் குற்றம் முடிவாவதற்கு முன்பே, முதல் ஆஜரிலிருந்து 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை கேட்கிறார்கள். அங்கே இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

ஆம்-இல்லை கேள்வி கேட்காதீர்கள். 'குடிப்பியா?' என்றால் 'எப்பயாச்சும் சார்' என்றுதான் பதில் வரும். 'தம்பி, போன சனிக்கிழமை காலைல எழுந்ததுலேருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் சொல்லுப்பா' என்று ஒரு வேலை நாளையும் ஒரு லீவு நாளையும் மணி வாரியாகச் சொல்லவைத்தால் கூட்டாளி, செலவு, குடி, வீட்டுச் சண்டை எல்லாம் தானாக வெளியே வரும்.

எதைப் பார்க்க வேண்டும்?

கனடாவில் ஆண்ட்ரூஸ், பொன்டா குழுவினர் 1990 வாக்கில் வகுத்த முறைதான் இன்று பல நாடுகளில் நடப்பில் இருக்கிறது. அதன் சாரம் மூன்று. ரிஸ்க் கூடியவருக்கு அதிகக் கவனம், குறைந்தவருக்குக் குறைந்த கவனம். குற்றத்தோடு நேரடித் தொடர்புள்ள தேவையை முதலில் தொடுவது. அந்த ஆளுக்குப் புரியும் வழியில் சொல்லிக்கொடுப்பது. குறைந்த ரிஸ்க் உள்ள முதல் தடவைப் பையனைக் கூடிய ரிஸ்க் உள்ளவர்களோடு ஒரே குழு வகுப்பில் உட்காரவைத்தால் அவன் கெட்டுப்போகவே வாய்ப்பு அதிகம். வேலை, பள்ளி, குடும்பம் என்று ஏற்கெனவே இருக்கும் பிடிகள் அறுந்து, புதுக் கூட்டாளிகள் கிடைத்துவிடுவார்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள் எட்டு: குற்ற வரலாறு, சுபாவம், குற்றத்தை நியாயப்படுத்தும் எண்ணம், கூட்டாளிகள், குடும்பம், படிப்பும் வேலையும், ஓய்வு நேரம், குடியும் போதையும். இதற்கு எல்எஸ்ஐ-ஆர் என்ற 54 கேள்விப் படிவம் இருக்கிறது. ஆனால் அதன் மதிப்பெண் எல்லைகள் வட அமெரிக்கக் கைதிகளை வைத்துப் போட்டவை. அதைக் கொண்டுவந்து 'இவர் மறுபடி குற்றம் செய்ய 48 சதவீதம் வாய்ப்பு' என்று எழுதுவது தவறு. எட்டுத் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று காரணத்தோடு எழுதுங்கள். சதவீதம் வேண்டாம்.

கூட்டாளிகள் என்ற தலைப்பில் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஒரே தெருவில் பிறந்து வளர்ந்த பையன்கள் எல்லாரும் நண்பர்கள்தான். அதில் ஒருவன் ரவுடி என்பதால் மற்றவன் ரவுடி ஆகிவிடமாட்டான். பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குடிக்கக் காசு கொடுப்பது யார், ஜாமீனுக்கு ஆள் பிடித்தது யார், வக்கீல் ஃபீஸ் கட்டியது யார்? அந்த 'அண்ணன்' மூன்றிலும் வந்தால் அது வலுவான தொடர்பு. அம்மா தாலியை அடகு வைத்துக் கட்டியிருந்தால் கதை வேறு.

பழிவாங்கும் வழக்குகளில் தேதியும் முக்கியம். கொல்லப்பட்ட நண்பனின் நினைவு நாள், எதிர்த் தரப்பு ஆள் புழல் சிறையிலிருந்து வெளியே வரும் நாள், சாவு ஊர்வலம் ஆகியவற்றைக் காலண்டரில் குறித்துவையுங்கள். நினைவு நாள் போஸ்டரில் இவர் பெயரும் படமும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையை மாதவாரியாகக் கேளுங்கள். விசைப்படகு, ஐஸ், ஏலம், மீன் வண்டி என்று காசிமேட்டை நம்பி இருப்பவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 'வேலை உண்டு' என்று எழுதினால் பாதிதான் உண்மை. மணலி, எண்ணூர் கான்ட்ராக்ட் வேலைக்கும் இப்படி ஓர் இடைவெளி வரும். அது எந்த மாதம் என்று எழுதுங்கள்.

ஓய்வு நேரத்தைப் பலர் ஒரே வரியில் முடிக்கிறார்கள். கேரம், ஃபுட்பால், பாக்ஸிங் எல்லாம் இந்த மண்ணில் ஊறியவை. 2024இல் உலகக் கோப்பை கேரமில் பட்டம் வென்ற காசிமா வட சென்னைப் பெண். பையன் எந்த கிளப்பில் ஆடினான், எப்போது நிறுத்தினான் என்று கேளுங்கள். பழைய கோச்சின் பெயர் கிடைத்தால் மேற்பார்வைத் திட்டத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி.

குடியை அளப்பது

உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற 10 கேள்விப் படிவம் போதும். 8 மதிப்பெண்ணில் கவலை தொடங்குகிறது, 20ஐத் தொட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இதில் எல்லாரும் தவறும் இடம் 'எத்தனை டிரிங்க்' என்ற கேள்வி. படிவத்தின் கணக்கில் ஒரு டிரிங்க் என்றால் 10 கிராம் சுத்தச் சாராயம் (ஆல்கஹால்). டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். அதில் சுமார் 60 கிராம் சாராயம் இருக்கிறது, அதாவது 6 டிரிங்க். 'ஒரு குவார்ட்டர்தான் சார்' என்று சொல்பவருக்கு 1 என்று போட்டால் இரண்டாம் கேள்வியில் பூஜ்யம் விழும், சரியான கணக்கில் 2 விழ வேண்டும். மூன்றாம் கேள்வியும் 6 டிரிங்கைத்தான் கேட்கிறது. ஆக, ஒரே தவறு இரண்டு கேள்வியைச் சாய்த்துவிடும்.

தினமும் குடித்தவர் ரிமாண்டில் போனால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், 2 முதல் 4 நாளில் பிதற்றலும் நடுக்கமும் வரலாம். இது உயிர் போகிற விஷயம். தெரிந்த உடனே சிறை மருத்துவருக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

மாத்திரையைத் தனியாகக் கேளுங்கள்: எந்த மாத்திரை, வாயிலா ஊசியிலா, ஊசி பகிர்ந்ததுண்டா? வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டவருக்கு ஹெபடைடிஸ் சி, எச்ஐவி பரிசோதனை வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலோ பார்க்கலாம்.

குற்றத்தோடு நேரடியாகச் சேராத தேவைகளும் உண்டு. சொத்தைப்பல், தொலைந்த ஆதார், மனச்சோர்வு, காது கேட்காமை போன்றவை. இவற்றை வைத்து ரிஸ்க்கைக் கூட்டாதீர்கள். ஆனால் தீர்த்து வையுங்கள், இல்லையென்றால் மற்ற எதுவும் நடக்காது. தலையில் அடிபட்டு மயங்கியதுண்டா, தமிழ் படிக்க வருமா, வீட்டில் தெலுங்கா என்பதையும் கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் கையில் நிபந்தனைத் தாளைக் கொடுத்தால், மீறல் அந்த நாளே தொடங்கிவிடுகிறது.

வீட்டுக்குப் போகும்போது

ஆதாரில் இருக்கும் வீடு இப்போது இருக்கும் வீடு என்று நம்பாதீர்கள். கால்வாய்க் கரையிலிருந்து பெயர்க்கப்பட்டு கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ போன குடும்பங்கள் ஏராளம். பையன் வேலைக்காக இன்னும் பாட்டி வீட்டில், 30 கிலோமீட்டர் வடக்கே இருப்பான். பிரிவு 4க்கு நிலையான இருப்பிடமோ ஒழுங்கான தொழிலோ அவருக்கோ ஜாமீன்தாரருக்கோ இருக்க வேண்டும். வீடு இரண்டாக இருப்பதை மறைக்காமல், எந்த நாள் எங்கே என்று எழுதினால் கோர்ட் ஏற்கும். மறைத்தால், போலீஸ் போய்ப் பார்த்து 'அந்த முகவரியில் இல்லை' என்று எழுதும், அதோடு முடிந்தது.

போலீஸாரோடு போகாதீர்கள். தண்ணீர் லாரி வரும் நேரத்திலும், துறைமுக வேலைக்காரர்கள் தூங்கும் காலை வேளையிலும் போகாதீர்கள். மதியம் 3 மணிக்கு மேல் நல்லது. அம்மாவிடமும் மனைவியிடமும் தனித்தனியே பேசுங்கள். 'அவன் இல்லாதப்போ வீட்ல எப்படிம்மா இருந்துச்சு?' என்ற கேள்விக்கு 'நிம்மதியா இருந்துச்சு' என்று ஒரு மனைவி மெல்லச் சொன்னால், அவரைப் 'பொறுப்பான குடும்பம்' என்ற வரியில் ஜாமீன் நிற்கவைக்கக் கூடாது. அந்த வீட்டுக்கே அனுப்புவது சரியா என்றும் யோசிக்க வேண்டும்.

ரிஸ்க்கை எழுதும் விதம்

சொல்லிக்காட்டப் புனைந்த ஓர் ஆள்: 22 வயது, காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை, 2022இல் நின்றிருந்த ஆட்டோவிலிருந்து செல்போன் திருடிய கேஸ், ஐபிசி 379. அறிக்கையின் முக்கியப் பத்தி இப்படி இருக்கலாம்:

'முன் தண்டனை இல்லை. நிலுவையில் 2 வழக்குகள் உள்ளன, அவை கணிப்பில் சேர்க்கப்படவில்லை. 2022 மே மாதம், தடைக்காலத்தின் 5ஆம் வாரத்தில், இரு நண்பர்களுடன் குடித்த பின் இத்திருட்டு நடந்தது. வன்முறையோ முன்திட்டமோ இல்லை. ஆடிட் மதிப்பெண் 17. வேலையுள்ள மாதங்களில் வாரம் ஒரு நாளும், வேலையில்லாத மாதங்களில் தினமும் குடிக்கிறார். 3 ஆண்டாக ஒரே முதலாளி, அவர் மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துள்ளார். மறு குற்ற வாய்ப்பு நடுத்தரம். நடந்தால், ஏப்ரல் முதல் ஜூன் வரை, அதே இருவருடன் குடித்திருக்கையில், சிறு திருட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.'

எந்தக் குற்றம், யாரோடு, எப்போது, எந்தச் சூழலில் என்பது இதில் இருக்கிறது. நீதிபதி இதிலிருந்து நேராக நிபந்தனைக்குப் போகலாம்.

ரிஸ்க் அதிகம் என்று வந்தாலும் குற்றத்துக்குத் தகுந்த அளவைத் தாண்டித் தண்டனையை நீட்டிக்கக் கேட்காதீர்கள். மேற்பார்வை எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதைத்தான் ரிஸ்க் சொல்லும். தூக்குத் தண்டனை வாய்ப்புள்ள வழக்குகளில் 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மனநல மதிப்பீடு, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை, சிறை நடத்தை அறிக்கை மூன்றையும் கேட்டுப் பெற வழிகாட்டியது. அங்கே கணிப்பு ஒரு குழு வேலை, தனியாகச் செய்யாதீர்கள்.

நிபந்தனைகள்

நான்கைந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு நிபந்தனையும் மேலே எழுதிய ஒரு தேவையோடு சேர வேண்டும். சேராததை வெட்டுங்கள்.

'தினமும் காலை 10 மணிக்குக் கையெழுத்து' என்பது கூலிக்காரருக்கு வேலையைப் பறிக்கும் நிபந்தனை. விசைப்படகில் போனால் கரை திரும்ப ஒரு வாரம் பத்து நாள் ஆகும். 'கரை திரும்பிய 48 மணி நேரத்துக்குள் ஆஜர், படகு உரிமையாளரின் பதிவோடு' என்று எழுதினால் கண்காணிப்பும் நடக்கும், வேலையும் மிஞ்சும். மேலே சொன்ன ஐஸ் பையனுக்குத் தடைக்காலத்தில்தான் ஆபத்து. அந்த இரண்டு மாதம்தான் படகுகளுக்கு மராமத்து, பெயிண்ட், வலை பின்னும் வேலை நடக்கும். அதே முதலாளியிடம் மார்ச்சிலேயே பேசி அந்த வேலையில் சேர்த்துவிடுவதைத் திட்டத்தில் எழுதுங்கள். 'குடிக்கக் கூடாது' என்று மொட்டையாக எழுதாமல், முதல் மூன்று மாதம் 15 நாளுக்கு ஒரு தடவை மருத்துவமனை வருகை, சீட்டைக் காட்ட வேண்டும் என்று எழுதுங்கள். பாதிக்கப்பட்டவருக்குப் பிரிவு 5இல் இழப்பீடு வாங்கித் தர முடியுமென்றால் குற்றம் செய்தவர் கட்டக்கூடிய தவணையைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள்.

நன்னடத்தையில் விடுபட்டவருக்குப் பிரிவு 12இன்படி அந்தத் தீர்ப்பால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு இல்லை. கான்ட்ராக்ட் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போகும்போது காட்ட உத்தரவின் நகலைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

திரும்பப் பார்ப்பது

30 நாள், 3 மாதம், 6 மாதம் என்று மறு கணிப்பு. வேலை போனது, வீடு மாறியது, மனைவி பிரிந்தது, கூட்டாளி வெளியே வந்தது போன்ற எது நடந்தாலும் தேதி பார்க்காமல் உடனே செய்யுங்கள். மாறக்கூடியவற்றை மட்டும் திரும்ப அளந்தால் போதும், குற்ற வரலாறு மாறப்போவதில்லை.

மீறல் வந்தால் உடனே கோர்ட்டுக்கு ஓடாதீர்கள், ஆனால் மூடி மறைக்கவும் வேண்டாம். எந்த நிபந்தனை, என்ன காரணம், அதே தேவையா புதுத் தேவையா என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நிபந்தனையே பொருந்தவில்லை என்றால் பிரிவு 8இல் மாற்றக் கேளுங்கள். முதல் மீறலுக்குப் பத்திரத்தை அப்படியே தொடரவிட்டு 50 ரூபாய் வரை மட்டும் அபராதம் விதிக்கப் பிரிவு 9 இடம் தருகிறது. இரண்டு சந்திப்புக்கு வராத பையன் அப்பாவின் சாவு வீட்டில் இருந்திருந்தால், அந்தப் பிரிவை உங்கள் அறிக்கையில் எண்ணோடு குறிப்பிடுங்கள்.